பட்டம் கைக்கு வந்தால் போதுமா?
வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் எம் பிள்ளைகளும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும்

1990ஆம் ஆண்டிலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் ஊரை விட்டு ஓடி, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலங்கழித்து, பற்றை பிடித்துக் கிடந்த வயலைத் திரும்பவும் வெட்டித் திருத்திய குடும்பங்களே எம் வாசகர்களிற் பலர். இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும் உள்ளனர். எத்தனை இழப்பு வந்தபோதும் இக்குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடவில்லை. அதன் பயனாக இன்று சித்தாண்டியிலும் முறக்கொட்டான்சேனையிலும் சந்திவெளியிலும் உயர்தரத்தில் உயிரியல் பிரிவிற் படிக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம்.

இப்பிள்ளைகளின் பெற்றோர் ஒரு கேள்வியுடன் எம்மிடம் வருகின்றனர். "மகளுக்கு நல்ல பெறுபேறு. மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சத்தில தவறிப் போச்சு. வெளிநாட்டில படிப்பிக்கலாம் எண்டு முகவர் சொல்லுறார். வயலை ஈடு வைச்சால் முதலாம் வருடக் காசைக் கட்டலாம். அனுப்பலாமா ஃபாதர்?"

இக்கேள்விக்கு ஒரு சொல்லிற் பதில் கூற இயலாது. ஆனால் பதிலைத் தேடுமுன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. அவற்றைப் பெரும்பாலும் முகவர்கள் முழுமையாகச் சொல்வதில்லை. அவற்றை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டம் வேறு, பதிவு வேறு

முதலில் மனதிற் பதிக்க வேண்டிய உண்மை இதுதான். மருத்துவப் பட்டம் பெற்றவர் எல்லோரும் இந்நாட்டில் வைத்தியம் செய்ய முடியாது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். வைத்தியம் செய்வதற்கான அனுமதியை வழங்குவது இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இச்சபையே வைத்தியர்களின் பதிவேட்டைப் பேணுகின்றது. அப்பதிவேட்டிற் பெயர் இல்லாத ஒருவர், எந்த நாட்டின் பட்டத்தைச் சுவரில் மாட்டியிருந்தாலும், மேலைத்தேய வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றமாகும்.

எம் கமக்காரர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. விதைநெல் மூடையில் விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிச் சிட்டை இருக்கின்றதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். நெல் நல்ல வயலில் விளைந்திருக்கலாம், மணி பருத்திருக்கலாம். ஆயினும் முளைதிறன் சோதிக்கப்படாமல் அதற்குச் சிட்டை கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பட்டத்துடன் வரும் பிள்ளையின் நிலையும் இதுவே. படித்த படிப்பைச் சபை தூக்கி எறிவதில்லை. இந்த நாட்டு நோயாளரிடம் அனுப்பத் தகுந்ததா என்று சோதித்த பின்னரே பதிவு செய்கின்றது.

ஏன் வெளியே போகின்றனர்?

இந்நாட்டில் மருத்துவக் கல்வி 1870இல் கொழும்பில் ஆரம்பமானது. வடக்குக்கு ஒரு மருத்துவ பீடம் கிடைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்புக்கு இன்னும் கூடுதலான காலம் எடுத்தது. சித்தாண்டிக்கு அண்மையில், வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் அந்த வளாகம் எம் மக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்த அகதி முகாமாக இருந்ததையும் அங்கிருந்து கொண்டு செல்லப்பட்டோர் திரும்பி வராததையும் எவரும் மறக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் கீழ் 2005இல் மருத்துவக் கல்விக்கான பீடம் தோற்றுவிக்கப்பட்டது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அதன் மாணவர்கள் பயில்கின்றனர். இது சிறிய சாதனையன்று.

ஆயினும் அரச மருத்துவ பீடங்களின் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகவே கணிக்கப்படுகின்றது. இச்சலுகை இருந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நல்ல திறமையுள்ள பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நின்றுவிடுகின்றனர். அவர்களுள் வசதியுள்ளோரும், வசதியில்லாமலே கடன்பட்டோரும் ரஷ்யா, சீனா, பங்களாதேஷ், நேபாளம், இந்தியா போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர்.

இது புதிய வழக்கமன்று. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபின் இலங்கையின் சாதாரண குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் புலமைப்பரிசிலுடன் மருத்துவம் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவ்வாறு வெளிநாடுகளிற் படித்துத் திரும்பியோரைப் பரீட்சித்துப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு 1965ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. மூத்த வைத்தியர்கள் இன்றும் அதனை 'அக்ற் 16 பரீட்சை' என்றே குறிப்பிடுவர். இன்று அதன் பெயர் மருத்துவத் தொழில் புரிவதற்கான பதிவுப் பரீட்சை. மாணவர்கள் அதனைச் சுருக்கமாக 'ஈஆர்பிஎம்' என்பர்.

பாதையிலுள்ள படிகள்

வெளிநாட்டிற் படிக்கும் பிள்ளை எமது வைத்தியசாலையொன்றில் வைத்தியராக வந்து அமர்வதற்கு ஐந்து படிகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, உயர்தரத் தகைமை. 2018 ஜனவரியில் வெளியான வர்த்தமானி மருத்துவக் கல்விக்கான ஆகக்குறைந்த தரங்களை வகுத்தது. விஞ்ஞானப் பாடங்களில் இரண்டு திறமைச் சித்தியும் (சீ) ஒரு சாதாரண சித்தியும் (எஸ்) இதில் அடிப்படையாக வைக்கப்பட்டன. இத்தகைமை இல்லாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வெளிநாட்டுக் கல்லூரிகள் சில ஆயத்தமாக உள்ளன. அங்கே கதவு திறந்திருக்கின்றது என்பதற்காக இங்கே கதவு திறந்திருக்கும் என எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம். ஒரு நாட்டின் அரசு தன் கல்லூரியை அங்கீகரித்திருப்பதும், உலக நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருப்பதும், எமது சபை அங்கீகரித்திருப்பதும் வேறு வேறு விடயங்கள். சபையின் பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறும்.

மூன்றாவது, பதிவுப் பரீட்சை. படிப்பை முடித்து, பட்டச் சான்றிதழும் பாடப் பெறுபேறுகளும் உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே இதற்குத் தோற்ற முடியும். இது ஆங்கில மொழியில் நடைபெறுவது. எழுத்துப் பகுதிகளுடன் நோயாளரைப் பரிசோதித்துக் காட்டும் பகுதியும் உண்டு. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகியவற்றுடன் இந்நாட்டின் பொதுச் சுகாதாரம், சட்ட மருத்துவம் பற்றிய அறிவும் எதிர்பார்க்கப்படுகின்றது. குளிர் நாடொன்றிற் படித்த பிள்ளை டெங்குக் காய்ச்சலையும் எலிக்காய்ச்சலையும் பாம்புக் கடியையும் புத்தகத்தில் மட்டுமே கண்டிருக்கும். எமது வட்டைகளில் இவை அன்றாடம் நிகழ்பவை. ஆகவே இப்பகுதியிற் பலர் இடறுகின்றனர்.

நான்காவது, இடைக்காலப் பதிவும் உள்ளகப் பயிற்சியும். பரீட்சையிற் சித்தியடைந்தவர் உடனே தனித்து வைத்தியம் செய்ய முடியாது. இடைக்காலப் பதிவு பெற்று, அரச வைத்தியசாலையொன்றில் மேற்பார்வையின் கீழ் ஓராண்டு பணிசெய்தல் வேண்டும். இரண்டு துறைகளில் ஆறு மாதங்கள் வீதம் இப்பயிற்சி அமையும். இக்காலத்தில் வேதனம் கிடைக்கும். ஆனால் நியமனம் கிடைக்கும் வரை மாதக்கணக்கிற் காத்திருக்க நேரலாம்.

ஐந்தாவது, முழுமையான பதிவு. உள்ளகப் பயிற்சி திருப்தியாக முடிந்தபின் பதிவேட்டில் நிரந்தரமாகப் பெயர் எழுதப்படும். அதன் பின்னரே சுகாதார அமைச்சின் நியமனத்துக்கும் மேற்படிப்புக்கும் வழி திறக்கும்.

உள்நாட்டு அரச பல்கலைக்கழகத்திற் படித்த பிள்ளைக்கு மூன்றாவது படி இல்லை. பட்டம் பெற்றதும் நேரே நான்காவது படிக்குச் சென்றுவிடும். இந்த வேறுபாட்டின் கனம் எவ்வளவு என்பது, பணம் முடிந்த நிலையில் மூன்றாவது படியில் நிற்கும் குடும்பத்துக்கே தெரியும்.

பத்துப் பெரும்போகம்

ஒரு கணக்குப் பார்ப்போம். உயர்தரப் பெறுபேறு வந்து வெளிநாட்டு அனுமதி கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு. சில நாடுகளில் மொழி படிக்கவென்று முதலில் ஓராண்டு. மருத்துவப் படிப்பு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். திரும்பி வந்து பதிவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிச் சித்தியடைய ஓராண்டோ இரண்டாண்டோ, சிலருக்கு அதற்கு மேலோ. காத்திருப்பு. பின் உள்ளகப் பயிற்சி ஓராண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பது, பத்து ஆண்டுகள். எமது மொழியிற் சொன்னால் பத்துப் பெரும்போகம்.

பத்துப் பெரும்போகத்தில் ஒன்றிரண்டு வெள்ளத்திற் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிர் பறிந்த பயிர் முழுவதும் நீரில் அழுகியதை நாம் கண்டோம். ஒன்றிரண்டு விலையின்றிப் போகும். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் விளைச்சல் வீழ்ந்ததையும் அனுபவித்தோம். இவ்வளவுக்கும் நடுவில், நிறுத்த முடியாத ஒரு செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்கின்றது.

அச்செலவும் எமது ரூபாவில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. வெளிநாட்டிற் பிள்ளை படித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ஒரு சில வாரங்களிற் படிப்புச் செலவு முக்காற் பங்குக்கு மேல் உயர்ந்தது. கல்லூரிக் கட்டணம் ஒரு சதமும் கூடவில்லை. கூடியது ஈட்டுக் காசு.

காணியைப் பற்றியும் ஒரு சொல். எம்மவரிற் பலருடைய வயல் அரசின் அனுமதிப்பத்திரக் காணி, பேச்சு வழக்கில் 'பேமிற் காணி'. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதனை அரச அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. எனினும் வெற்றுத் தாளிற் கையொப்பம் வைத்து, பேமிற் பத்திரத்தை வட்டிக்காரரிடம் ஒப்படைக்கும் வழக்கம் உள்ளது. கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை. இழப்பு வரும்போது ஏழைக் குடும்பமே முதலில் நிலத்தை விட்டு வெளியேறும். போர் ஒரு தடவை எம்மை நிலத்திலிருந்து பெயர்த்தது. கடன் மறுதடவை பெயர்க்க இடங்கொடுக்கலாமா?

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு வயல்களில் ஒன்றை விற்று மகனைப் படிப்பித்தது. மகன் பட்டத்துடன் வந்தார். ஊர் மாலை போட்டு வரவேற்றது. முதற் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. வீதியிற் காண்போரெல்லாம், "மனே, கிளினிக் எப்ப திறக்கப் போறாய்?" என்று அன்போடு கேட்டனர். அந்த அன்பு அவருக்கு முள்ளாயிற்று. வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினார். மூன்றாம் தடவையில் அவர் சித்தியடைந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நடுவிற் கழிந்த காலத்தில் அத்தாய் பட்ட வேதனைக்கு, பாதையின் முழு நீளத்தை யாரும் முன்கூட்டி அவருக்குச் சொல்லாமையே பெருங் காரணம்.

இந்தப் பரீட்சை அநீதியானதா?

பெற்றோர் சிலர் கோபத்துடன் கேட்கின்றனர். "ஆறு வருஷம் படிச்சு, அந்த நாட்டுச் சோதனையெல்லாம் பாஸ் பண்ணி வந்த பிள்ளைக்குத் திரும்பவும் ஏன் சோதனை?" இக்கோபத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஆயினும் மற்ற நாடுகளின் வழக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2002 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியருக்குத் தனிப் பரீட்சை நடைபெறுகின்றது. 300 புள்ளிகளில் 150 பெற வேண்டும். தோற்றுவோரிற் பெரும்பான்மையினர் ஒவ்வொரு தடவையும் சித்தி பெறாமலே திரும்புகின்றனர். 2021இல் அங்கு விதிகள் மேலும் இறுகின. ஆகக்குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில மொழி மூலம், படித்த நாட்டிலேயே ஓராண்டு உள்ளகப் பயிற்சி, இந்தியாவிலும் ஓராண்டு என்பன வலியுறுத்தப்பட்டன. பிரித்தானியா 1975 முதல் வெளிநாட்டு வைத்தியர்களுக்குப் பரீட்சை வைக்கின்றது. 1983இன் பின் இங்கிருந்து வெளியேறிய எம் தமிழ் வைத்தியர்களும் அப்பரீட்சையைக் கடந்தே அங்கே வெள்ளைச் சட்டை அணிந்தனர். இங்கு அனுபவம் மிக்க வைத்தியராக இருந்தவரும் அங்கு மாணவராக அமர்ந்து மீண்டும் எழுதினார். கனடாவிலோ பரீட்சையிற் சித்தியடைந்தாலும் வைத்தியசாலைப் பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். அது கிடைக்காமல் வேறு தொழிலுக்குப் போனவர்கள் எம்மவரிலும் உண்டு.

ஆகவே பரீட்சை வைப்பது எம் பிள்ளைகளை வெறுத்துச் செய்யப்பட்ட ஏற்பாடன்று. நோயாளர் பக்கமிருந்து பார்த்தால் இது தெளிவாகும். மாரியில் சந்தனமடு ஆறு பெருகினால், ஈரளக்குளம், பெருமாவெளிப் பக்கத்து மக்கள் நோயாளியைத் தோணியில் ஏற்றி இக்கரை சேர்த்த காலங்களை நாம் அறிவோம். அப்படி வந்து சேரும் ஏழைக்கு வைத்தியரைத் தெரிவு செய்யும் வசதி கிடையாது. கடமையில் இருப்பவரே அவருக்கு வைத்தியர். நகரத்துப் பணக்காரர் ஒருவரிடம் திருப்தியில்லாவிட்டால் இன்னொருவரிடம் செல்வார். எம் மக்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. எனவே கடமையில் இருப்பவர் தகுதியானவர் என்பதை உறுதிசெய்யும் சட்டம் ஏழைக்கே முதலில் தேவை.

அதே வேளை, முறையிலுள்ள குறைகளையும் சொல்லாமல் விட இயலாது. பரீட்சைக்கான ஆயத்த வகுப்புகள் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளன. அங்கு அறை வாடகை கொடுத்து ஓராண்டு தங்கக் கமக்காரரின் பிள்ளையால் எளிதில் முடியாது. நோயாளரைப் பரிசோதிக்கும் பயிற்சிக்கு வைத்தியசாலை விடுதிகளில் இடம் பெறுவதும் அறிமுகம் உள்ளவருக்கே இலகுவாகின்றது. சித்தியடைந்த பின்னும் உள்ளகப் பயிற்சிக்கான காத்திருப்பில் வருமானமின்றிக் காலம் போகின்றது. இவை தகுதியைச் சோதிப்பவை அல்ல, வசதியைச் சோதிப்பவை. தரத்தைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. தரத்தை எட்டும் வழியை எல்லோருக்கும் சமமாக்கும்படியே கேட்கிறோம்.

நாட்டுக்கு உள்ளேயும் இத்தகைய துயரம் நிகழ்ந்ததுண்டு. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியின் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்க மருத்துவ சபை மறுத்தது. 2017 ஜனவரி 31ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் சார்பிற் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் அரச மருத்துவ மாணவரின் வகுப்புப் பகிஷ்கரிப்பும் வைத்தியர் வேலைநிறுத்தங்களும் தொடர்ந்தன. ஈற்றில் அக்கல்லூரி மூடப்பட்டு, மாணவர்கள் 2018இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டனர். சரி பிழை எப்பக்கம் இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றவர்கள் பிள்ளைகளே. பணம் கட்டுமுன் பதிவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அனுப்புமுன் செய்ய வேண்டியவை

தீர ஆலோசித்த பின்னும் அனுப்புவதென்றே முடிவு செய்தால், பின்வருவனவற்றைப் பெற்றோர் தாமே நேரிற் செய்தல் வேண்டும். முகவரிடம் விட்டுவிடக் கூடாது.

1. குறித்த பல்கலைக்கழகம், குறித்த பட்டம், பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, கொழும்பிலுள்ள இலங்கை மருத்துவ சபைக்கு எழுதிக் கேளுங்கள். புறப்படுமுன் சபையிடம் பெற வேண்டிய கடிதங்கள் எவை என்பதையும் கேளுங்கள். எழுத்திற் பதில் வரும் வரை முற்பணம் கட்ட வேண்டாம். முகவர் காட்டும் பிரதி போதாது.

2. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உயர்தரச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் பெயர் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றதா என்று பாருங்கள். இடப்பெயர்வின் போது பத்திரங்களை இழந்து, பின்னர் அவசரமாக எடுத்த பிரதிகளிற் பெயர் மாறியிருப்பது எம் குடும்பங்களில் அடிக்கடி காணப்படுகின்றது. பட்டம் ஒரு பெயரிலும் அடையாள அட்டை வேறு பெயரிலும் இருந்தால் பிற்காலத்தில் அலைச்சல் வரும்.

3. தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்த பிள்ளையாயின் இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவை முதலிற் பூர்த்தி செய்யுங்கள். வெளிநாட்டில் நிகழ்ந்த பிறப்பு முறையாகப் பதியப்பட்டிருத்தல் அவசியம்.

4. படிப்புச் செலவை ஐந்தாண்டுக்கு மட்டும் கணக்கிட வேண்டாம். திரும்பி வந்தபின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இரண்டாண்டுச் செலவையும் சேருங்கள். டொலர் விலை கூடினால் எப்படிச் சமாளிப்பது என்பதையும் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். ஒரே வருமானமான வயலையும் குடியிருக்கும் வளவையும் ஒருமிக்க ஈடு வைக்க வேண்டாம்.

5. பயிற்று மொழி எது, நோயாளருடன் பழகும் பயிற்சி எந்த ஆண்டில் ஆரம்பமாகின்றது, அங்கு ஏற்கனவே படிக்கும் எம் பிள்ளைகள் எத்தனை பேர், அங்கிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் பதிவுப் பரீட்சையிற் சித்தியடைந்தனர் என்று அங்கு படித்தவர்களிடமே விசாரியுங்கள்.

6. நாட்டின் நிலைமையையும் பாருங்கள். 2022 பெப்ரவரியில் உக்ரேனிற் போர் மூண்டபோது 20,000க்கும் மேற்பட்ட இந்தியர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் மருத்துவ மாணவர்கள். படிப்பின் நடுவில் ஓடி வந்தவர்கள் எங்கே தொடர்வது என்று தெரியாமற் தவித்தனர். ஓடி வருவது என்றால் என்னவென்று எம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவர்க்கென இடங்கள் ஒதுக்கப்படுவதையும், சில நாடுகள் அரச புலமைப்பரிசில் வழங்குவதையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது. இவற்றுக்கு அரச அறிவித்தல்கள் வெளிவரும். விண்ணப்பிக்க முகவர் தேவையில்லை.

திரும்பி வந்த பிள்ளைக்கு ஊர் செய்யக்கூடியது

பட்டத்துடன் திரும்பிய பிள்ளையை உடனே 'டொக்டர்' என்று அழைத்து மேடையேற்றுவதை ஊர் சற்றுப் பிற்போடலாம். அது அப்பிள்ளைக்குச் செய்யும் பேருதவி. ஈஆர்பிஎம் என்பது தண்டனையன்று, பயிற்சியின் ஒரு பகுதி என்று ஊரவர் விளங்கிக்கொண்டால், ஒரு தடவை தவறிய பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

அப்பிள்ளைகள் தனித்தனியே கொழும்பு அறைகளில் அடைந்து கிடக்காமல், மட்டக்களப்பிலேயே நால்வர் ஐவராகக் கூடிப் படிக்க இடம் ஒழுங்கு செய்யலாம். ஏற்கனவே சித்தியடைந்து பணியிலுள்ள எம் வைத்தியர்கள் வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கு வழிகாட்டலாம். எமது பல்நோக்கு மண்டபங்களும் நூலகங்களும் மாலை வேளைகளில் வெறுமையாகவே கிடக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இவர்களுக்கு முறையான பயிற்சி வாய்ப்பு ஒழுங்கு செய்யப்பட வேண்டுமென்ற கோரிக்கையை கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் எழுத்தில் முன்வைக்கலாம். வைத்தியம் செய்ய அனுமதி கேட்பதன்று, கற்க அனுமதி கேட்பதே அக்கோரிக்கை.

இன்னொன்று. பதிவு கிடைக்கும் முன் மருந்துக் கடையிலோ தனியார் நிலையத்திலோ 'உதவி வைத்தியராக' அமரும்படி சிலர் அழைப்பர். கடன் நெருக்கும் வேளையில் அது வழியாகத் தோன்றும். ஆனால் அது நோயாளியின் உயிரையும் பிள்ளையின் எதிர்காலப் பதிவையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும். அதற்கு இணங்க வேண்டாம்.

வேறு கதவுகளும் உள

மருத்துவத்துறை என்பது வைத்தியர் பட்டம் மட்டுமன்று. தாதியர், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோர் இன்றி எந்த வைத்தியசாலையும் இயங்காது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே தாதியர் பட்டப்படிப்பு உண்டு. சித்த மருத்துவப் பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உண்டு. இவற்றுக்கு நிலத்தை விற்கத் தேவையில்லை. ஊரிலுள்ள குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தம் பணிக்காலத்திற் காக்கும் தாய்மாரின் தொகையை எண்ணிப் பாருங்கள். அது எந்தப் பட்டத்துக்கும் குறைந்த தொண்டன்று. பிள்ளையின் விருப்பம் நோயாளருக்குப் பணிசெய்வதா, பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் பெறுவதா என்பதைப் பெற்றோர் பிள்ளையிடமே அமைதியாகக் கேட்டறிய வேண்டும். பல வீடுகளில் இக்கேள்வி கேட்கப்படுவதேயில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். நியமனப் பட்டியலில் இடங்களைத் தெரிவு செய்யும்போது நகர வைத்தியசாலைகள் முதலில் நிரம்பிவிடும். எமது பகுதி போன்ற தூரப் பிரதேசங்களின் சிறிய வைத்தியசாலைகள் ஈற்றில் எஞ்சும். இந்த வெற்றிடங்களை மனமுவந்து நிரப்பக் கூடியவர்கள் இம்மண்ணிற் பிறந்து, தோணியில் நோயாளியை ஏற்றிய அனுபவம் உள்ள வீடுகளின் பிள்ளைகளே. அவர்கள் கொழும்பிற் படித்தாலும் மட்டக்களப்பிற் படித்தாலும் மொஸ்கோவிற் படித்தாலும் எமக்கு ஒன்றுதான். அவர்கள் முறையான பதிவுடனும் முழுத் தகுதியுடனும் வர வேண்டும். அவர்கள் வந்து சேரும் நாளில், அவர்களைப் படிப்பித்த குடும்பத்தின் வயலும் அக்குடும்பத்திடமே இருக்க வேண்டும்.

கிராம மட்டத்திற் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும், படித்துத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் இப்போது ஐந்து படிகளில் எப்படியில் நிற்கின்றனர்?

2. பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடு வைத்த குடும்பங்கள் உள்ளனவா? அக்காணி மீள எமது சங்கங்கள் என்ன செய்யலாம்?

3. பதிவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு எமது ஊரில் எந்த இடத்தை, எந்த நேரத்தில் ஒதுக்கலாம்?

4. எமது வைத்தியசாலைக்கு எத்தனை வைத்தியர்கள் தேவை? அத்தேவையை யாருக்கு, எவ்வாறு எழுத்தில் அறிவிப்போம்?